கவிழாத குவளை

அன்புக்கும் அறிவுக்கும் குறைவில்லாத என் மகள் திருகாணிக்கு (அன்பு என் பக்கத்து வரவு, அறிவு உன் அம்மா பக்கத்து வரவு), அப்பா மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது.

இங்கே நான் சுகம். வீடும் சுகம். மாடிப்படியில் அந்த ஆடுகிற படி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, ஆடுகிற அளவுக்குத் தெம்பாக இருக்கிறது என்று எடுத்துக்கொள். உன் சுகத்தை எழுது. என் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் முகம் சுளிக்காதே, பேனா சரியில்லை, மை ஒழுங்காக இறங்க மாட்டேன் என்கிறது. பேனா நன்றாக இருந்த காலத்திலேயே என் வாத்தியார், "இது பரீட்சைப் பேப்பரா, கோழி நடந்த மணலா" என்று கேட்டவர்தான். பத்தாவதில் அவரும் நானும் ஒருவருக்கொருவர் விடுதலை கொடுத்துக்கொண்டோம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் என் வண்டி, "நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, வெச்சிடட்டா" என்ற நிறுத்தங்களைத் தாண்டிப் போகாது என்பது உனக்கே தெரியும். இது அதையெல்லாம் தாண்டிப் போகவேண்டிய விஷயம்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அவர்கள் ஆபீசில் சொல்லிச் சிரித்திருப்பார்கள். போன வியாழக்கிழமை முற்பகல், நான் பனியனும் தோளில் துண்டுமாக ஜன்னலோரம் உட்கார்ந்து, நீ அம்மாவுக்குச் செய்து அனுப்பினாயே அந்தக் குவளை, இரண்டு காதும் மூடியும் மூடியில் கிளிமூக்கும் வைத்தது, அதில் டீயை ஊற்றி ஜன்னல் திட்டின் மேல் வைத்து, காது இரண்டையும் பிடித்துக்கொண்டு, கன்றுக்குட்டி மாதிரி குனிந்து கிளிமூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் தெருமுனை வரை போயிருக்கும். கதவும் வழக்கம்போலத் திறந்துதான் கிடந்தது. "சார் இருக்காங்களா?" என்று ஒரு பெண் குரல். திடுக்கிட்டு, பிடித்த பிடியை விடாமல் நிமிர்ந்ததில் கிளிமூக்கு என் பக்கம் சாய்ந்து, டீ முழுக்கப் பனியனில். நின்றிருந்தவர்கள் உன் கம்பெனி மேலாளர் அம்மாவும், கணக்குப் பார்க்கிற கனத்த கண்ணாடிக்காரரும். நான் அவசரத்தில் குவளையைச் செய்தித்தாளால் மூடினேன். கவிழாத குவளை என்றுதானே நீ செய்தாய், அது செய்தித்தாளுக்கு அடியில் கூடாரம் போட்ட மாதிரி நிமிர்ந்து நின்றது. கவிழாத பொருளை ஒளிக்கவும் முடியாது என்பதை உங்கள் ஆபீசில் யாராவது யோசித்தார்களா தெரியவில்லை.

"டம்ளரெல்லாம் கழுவப் போட்டிருக்கு மேடம்" என்றேன். என் முதுகுக்குப் பின்னாலேயே அலமாரியில் டம்ளர்கள் கழுவித் துடைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றுகொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நல்ல மனுஷன், மின்விசிறியைப் பார்த்தார்.

"பரவால்ல சார், நீங்களும் இதுலதான் குடிக்கறீங்களா? உங்களுக்குக் கனமா இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எனக்கா? ஓடற பஸ்ல, நின்ன வாக்குல, ஒரு கையில டிக்கெட் கட்டு, ஒரு கையில டீ, ஒரு சொட்டு சிந்தாம குடிச்சவன் மேடம் நான்" என்றேன். பனியனிலிருந்து டீ சொட்டிக்கொண்டிருந்தது. கண்டக்டர் உத்தியோகம் பார்த்தவனுக்கு இந்த அளவு வாய் இல்லாவிட்டால் பிழைக்க முடியுமா.

அவர்கள் வந்த காரியத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என்னிடம் அவர்கள் எப்படிச் சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியவேண்டும். குவளையை ஆற்றோரக் குடிசைகளில், படுத்த படுக்கையாக ஆள் இருக்கிற வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம். பாதிப் பேர், "கனமா இருக்கு, தூக்க முடியல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். நீ ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"மீட்டிங்ல எழுந்து நின்னுட்டா சார்" என்றார் அந்த அம்மா. "'எங்க அம்மா ஒரு பக்கம் விழுந்தவங்க, அவங்களே ஒத்தைக் கையால தூக்கிக் குடிச்சாங்க, இவங்களுக்கு எப்படிப் பிடிக்கணும்னு நாம சரியா சொல்லித் தரல, அவ்வளவுதான்'னு சொல்றா. அம்மா குடிக்கற வீடியோவப் போட்டுக் காட்டறா. அதுக்கு மேல நாங்க என்ன சார் பேசறது? போய்ச் சேர்ந்த அம்மாவ எதிர்த்து வாதாட முடியுமா?"

"குவளை வேண்டாம்னா நானும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார் கண்ணாடிக்காரர், தரையைப் பார்த்து.

"திங்கக்கிழமை அச்சு வார்க்கக் குடுக்கப் போறோம் சார். அச்சு வார்த்துட்டா அதே அளவு, அதே கனம். அப்புறம் ஊர் ஊரா அதுதான் போகும், மாத்த வழியில்ல. அதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தோம். கூட இருந்து பாத்தவங்க நீங்கதான். அம்மாவுக்கு இது சரியா இருந்துச்சா?" என்றார் மேலாளர் அம்மா.

பார், எனக்கு எப்படிப்பட்ட கேள்வி. பத்தாவதில்கூட இவ்வளவு கஷ்டமான கேள்வி வரவில்லை.

உன் அம்மா எதையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா, நினைத்துப் பார். நான் போட்ட டீயில் தண்ணீர் அதிகம், டாக்டர் எழுதிய சீட்டில் எழுத்து மோசம், கீழ்வீட்டுத் தையல்காரம்மா தைத்த ரவிக்கையில் தோள் இறக்கம், என்னைப் பெண் பார்க்க அழைத்து வந்தபோதே, "ஆள் பரவாயில்ல, காது கொஞ்சம் பெரிசு" என்றவள். ஆனால் உன் விஷயத்தில் மட்டும் அவளுக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் நீ சுவர்க் கடிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றித் திரும்ப மாட்டினாயே, முள் பின்பக்கமாகச் சுற்றியதே, அன்றுதான் உனக்குத் திருகாணி என்று நான் பெயர் வைத்தேன். ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்றதற்கு உன் அம்மா, "எதுக்கு, நல்லாத்தானே ஓடுது, பாக்கத் தெரிஞ்சா போதும்" என்றாள். அதன்பிறகு வருஷக்கணக்கில் அந்தக் கடிகாரத்தைத் தலைகீழாகக் கணக்குப் போட்டு நேரம் பார்த்தாள். நான் அதை நம்பி டியூட்டிக்குக் கிளம்பி வண்டியைத் தவறவிட்டதெல்லாம் தனிக் கதை. என்ன சொல்ல வருகிறேன் என்றால், நீ செய்தது எதுவும் அவளுக்குத் தப்பாகத் தெரிந்ததே இல்லை. தப்பாகத் தெரிந்தால் தன்னை வளைத்துக்கொள்வாள், பொருளை வளைக்க மாட்டாள்.

அவளுக்குப் பக்கவாதம் வந்த புதிதில் நான் இன்னும் வண்டியில்தான் இருந்தேன். ஒருநாள் தலைமாட்டில் டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், டம்ளர் கவிழ்ந்து, படுக்கை நனைந்து, பகல் முழுக்க அந்த ஈரத்திலேயே கிடந்திருக்கிறாள், நாக்கு ஒட்டிக்கொண்டு. அதை உன்னிடம் போனில் சொன்னேன். நீ, "கவிழவே கவிழாத ஒண்ணு செய்யறேன்ப்பா" என்றாய். நானும் அந்த மாதமே வேலையை விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தேன்.

ஆனால் நீ குவளையோடு நிற்கவில்லையே. கையில் காசு இல்லாத வீட்டில் நோயாளி இருந்தால் என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் செய்து, எங்களுக்குத்தான் முதலில் பார்சல் வரும். கட்டிலில் கட்டுகிற பிடிகயிறு வந்தது, உன் அம்மா அதைப் பிடித்து எழுவதற்குப் பதிலாக நான் அதில் கால் சிக்கி விழுந்தேன். குளிக்கிற மடக்கு முக்காலி வந்தது, முதலில் நான் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று வீராப்பாக உட்கார்ந்தேன், அது மடங்கவேண்டிய முறையில் சரியாக மடங்கியது, நான் உள்ளே இருக்கும்போதே. கீழ்வீட்டுத் தையல்காரம்மா மேலே ஓடிவந்து, கத்தரிக்கோலால் என் வேட்டியை வெட்டித்தான் என்னை வெளியே எடுத்தார். அன்றைக்கு உன் அம்மா சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, கண் இரண்டும் சேர்ந்து சிரித்தன, படுத்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அந்த முக்காலி தோற்றுப்போன சரக்கு என்று உங்கள் ஆபீசில் யார் சொன்னாலும் என்னிடம் அனுப்பு. சாயங்காலம் நீ வீடியோவில் வந்து, "முக்காலி எப்படிம்மா?" என்றாய். அவள் இடது கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கயிறு எப்படி, கட்டைவிரல். வலி எப்படி, கட்டைவிரல். பேச்சு போன பிறகு அவளுக்கு அந்தக் கட்டைவிரல்தான் வாய், அந்த வாய்க்கு உன்னிடம் ஒரே வார்த்தைதான் தெரியும்.

பிறகுதான் குவளை வந்தது. அகலமான அடி, அடிக்குள் இரும்புப் பட்டை, தட்டினாலும் இடித்தாலும் ஆடி அசைந்து நிமிர்ந்து நிற்கிறது. நானே பூனையை விரட்டுகிற சாக்கில் தட்டிப் பார்த்தேன், சாயவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர் ஊற்றி அவள் இடது பக்கம் வைத்தேன். அவள் காதைப் பிடித்தாள். தூக்கினாள். குவளை வரவில்லை, தோள்தான் வந்தது. மறுபடி பிடித்தாள், மணிக்கட்டு மடங்கிக் கை நழுவியது. குவளை அப்படியே நின்றது, ஒரு சொட்டு சிந்தவில்லை. மறுநாளும் பார்த்தாள், அதற்கு மறுநாளும் பார்த்தாள். நான் பழையபடி ஸ்பூனில்தான் கொடுத்தேன். "சொல்லிடலாமா பிள்ளைகிட்ட?" என்றதற்கு என்னை முறைத்தாள் பார், பெரிய காது என்று சொன்ன அன்றைக்குக்கூட அப்படி முறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வருகிற நேரம். அவள் குவளையைக் கண்ணால் காட்டி, "கொட்டு" என்றாள். ரொம்ப நாள் கழித்து அவள் தெளிவாகச் சொன்ன வார்த்தை. எனக்கு முதலில் புரியவில்லை. "கொட்டு" என்று மறுபடி. தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடியைப் போட்டு வைத்தேன். நீ வந்தாய், "எங்க, குடிச்சுக் காட்டும்மா" என்றாய். அவள் காதைப் பிடித்து, நடுங்கிக்கொண்டே தூக்கி, கிளிமூக்கை வாயில் வைத்து, தொண்டை ஏறி இறங்க ஏறி இறங்கக் குடித்தாள். குடித்து முடித்துப் புறங்கையால் வாயைக்கூடத் துடைத்தாள். நீ அந்தப் பக்கம் கைதட்டி, "எல்லாரும் வாங்க, எங்க அம்மா தானே குடிக்கறாங்க" என்று ஆபீசையே கூப்பிட்டுக் காட்டினாய். அப்புறம், "இன்னொரு வாய் குடிம்மா, பதிவு பண்ணிக்கறேன்" என்றாய். இன்னொரு வாயும் குடித்து, மறுபடி வாயைத் துடைத்தாள். கட்டைவிரலை உயர்த்தினாள்.

நீ எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிற வீடியோ அதுதான் கண்ணு. அதில் தண்ணீர் இல்லை.

நீ போனை வைத்த பிறகு, "எதுக்கு இப்படி?" என்று கேட்டேன். ரொம்பச் சிரமப்பட்டு, "பிள்ளை செஞ்சது" என்றாள். ஸ்பூனை எடுத்து வந்து தண்ணீர் கொடுத்தேன். நல்ல தாகம் அவளுக்கு, கொஞ்ச நேரம் நிறுத்தாமல் குடித்தாள்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். மேலாளர் அம்மா கேட்டதும் என் வாய் தானாக, "அருமையான குவளை மேடம், அவ தினமும் அதுலதான் குடிச்சா" என்றது. பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை, உன் அம்மாவுக்குப் பதில் நான் கட்டைவிரலைத் தூக்கின மாதிரி இருந்தது. அந்த அம்மாவுக்கும் நிம்மதி. எழுந்துவிட்டார்கள். கண்ணாடிக்காரர் செருப்பு மாட்டப் போய்விட்டார்.

"அப்ப அந்தக் கெழவியம்மாதான் ஏதோ தப்பா பிடிக்கறாங்க போல" என்று தனக்குத்தானே சொன்னார் மேலாளர் அம்மா.

"எந்தக் கெழவியம்மா?"

"ஆத்தோரத்துல, மூட்டை தூக்கறவர் ஒருத்தரோட அம்மா சார். அவர் விடிஞ்சதும் கிளம்பினா பொழுது சாஞ்சுதான் வருவாராம். குவளை நிறைய தண்ணி வெச்சுட்டுப் போறார். வந்து பாத்தா வெச்சது வெச்சபடி நிறைய இருக்காம். கேட்டா, தாகம் இல்லடா, குவளை ரொம்ப நல்லா இருக்குங்கறாங்களாம். எங்ககிட்டயும் அதையேதான் சொன்னாங்க. சும்மா குடுத்தவங்க மனசு நோகக் கூடாதாம்."

உன் அம்மாவுக்காவது ஸ்பூனோடு நான் இருந்தேன். அந்தக் குடிசையில் யார் இருக்கிறார்கள், சொல். பகல் முழுக்கப் பக்கத்திலேயே தண்ணீர், கவிழாமல் நிற்கிறது, தூக்கவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் அன்று கவிழ்ந்த டம்ளருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இது கொஞ்சம் நாகரிகமாக நிற்கிறது, அவ்வளவுதான்.

"கொஞ்சம் உக்காருங்க மேடம்" என்றேன். சொல்லிவிட்டேன்.

"தண்ணி இல்லைன்னா, கம்மியா இருந்துச்சா சார்?" என்றார் கண்ணாடிக்காரர், ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றபடி.

"இல்லைன்னா இல்ல சார். காலி."

அந்த அம்மா குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்க வாயத் துடைக்கறத நான் எத்தனை தடவை பாத்திருக்கேன்" என்றார். அவர் கண் கலங்கியது, எனக்குச் சிரிக்கும்படி ஏதாவது சொல்லவேண்டும்போல இருந்தது, "சினிமாவுல சேர்ந்திருந்தா எங்கயோ போயிருப்பா மேடம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சில நிறுத்தங்களில் யாரும் ஏறுவதில்லை, அந்த மாதிரி.

இனி நீ என்மேல் கோபப்படலாம். உன் அம்மா போகிறவரைக்கும் காப்பாற்றியதை, ஒரு டீ ஆறுகிற நேரத்தில் நான் போட்டு உடைத்துவிட்டேன். ஆனால் அவள்மேல் கோபப்படாதே. அவள் உன்னை ஏமாற்றவில்லை. நீ அந்தப் பக்கம் கைதட்டியதைப் பார்க்க அவளுக்கு அந்த வழிதான் இருந்தது. நீயும் தப்பான ஆளிடம் பரீட்சை வைத்துவிட்டாய். பெற்றவளிடம் மார்க் கேட்டால் நூற்றுக்கு நூறு போடாமல் என்ன செய்வாள்?

குவளை வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்றாயாமே. அப்படியே செய்தாலும் எனக்கு வருத்தமில்லை. எங்கேயாவது பெரிய கம்பெனியில் சேர்ந்து, குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, காசு இருக்கிறவர்களுக்கு இன்னொன்று செய்து கொடு, அவர்கள் குறை சொல்லக் கூச்சப்பட மாட்டார்கள், உனக்கும் வேலை சுலபம். ஒன்று மட்டும், வேலையை விட்ட கையோடு இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடாதே. எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் கிளம்பும்போதுகூட மேலாளர் அம்மா வாசலில் நின்று, "உங்க மகள்கிட்ட ஏதாவது சொல்லணுமா சார்? உங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்லையே?" என்று கேட்டார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி அனுப்பினேன்.

வேளைக்குச் சாப்பிடு. கண் எரிய எரிய வரைந்துகொண்டிருக்காதே. நீ கழற்றியதெல்லாம் திரும்பப் பொருந்தட்டும், பொருந்தாததை மறுபடி கழற்றுகிற தெம்பும் உனக்கு இருக்கட்டும். உன் அம்மாவுக்கும் சேர்த்து உன் நெற்றியில் ஒரு முத்தம் வைத்து முடிக்கிறேன்.

என்றும் உன் நலமே நினைக்கும்,
பெரிய காது அப்பா

பின்குறிப்பு: பேனா நல்ல பேனாதான். நேற்று கீழ்வீட்டுத் தையல்காரம்மா வாங்கி அளவு எழுதிவிட்டுக் கொடுத்தார், முத்து முத்தாக எழுதுகிறது. டம்ளர்கள் கழுவித்தான் இருந்தன என்பதை மேலேயே சொல்லிவிட்டேன், அவை ஏன் அலமாரியிலேயே இருக்கின்றன என்பதைச் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக டம்ளர் என் கையில் நிற்பதில்லை, வாய்க்கு வருவதற்குள் பாதி சட்டைக்குப் போய்விடுகிறது. உன் குவளைதான் நிற்கிறது. அதனால் சுகம் என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படி, பெரிய கம்பெனி பற்றி எழுதியதையும் அடித்துவிடு. மீட்டிங்கில் தோற்றுவிட்டு, இரும்பைக் குறைத்து இன்னொரு குவளை செய்து கொண்டு வா. நீயே கொண்டு வா. இந்த முறை பரீட்சைக்கு உட்காரப்போகிறவன் ஒரு கண்டக்டர், சொந்த மாமனாரையே டிக்கெட் இல்லாமல் ஏற்றாதவன், உனக்குச் சும்மா மார்க் போடமாட்டேன். வாசலில் நான் காட்டிய கட்டைவிரல் உன் அம்மாவிடம் கற்றுக்கொண்டது, அதை நம்பாதே. அந்த மேடம் கேட்டபோது வாய்விட்டுச் சொல்லாமல் விட்டது இதைத்தான்: எனக்கும் கனமாத்தாம்மா இருக்கு.